டெலிவரி ஊழியரின் கைபேசித் திரை: ஓடும்போது ஒன்று, நின்றபின் வேறொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவு, மளிகை, பார்சல் டெலிவரி செய்வோரின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஹெல்மெட், வேகம், காப்பீடு, ஓய்வறை ஆகியவை விவாதிக்கப்படுகின்றன. விவாதிக்க வேண்டியவைதான். ஆனால் அவர்கள் வேலை நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டும் தொட்டுக்கொண்டும் இருக்கும் கைபேசித் திரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தத் திரையில் எது எங்கே இருக்கிறது, எழுத்து எவ்வளவு பெரிது, எந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் எந்தப் பட்டன் என்பதைப் பொறுத்தே சாலையிலிருந்து கண் விலகும் நேரம் கூடுகிறது, குறைகிறது. செயலித் திரைகளை வடிவமைக்கும் வேலையிலும் சோதிக்கும் வேலையிலும் இருக்கும் நாங்கள் இருவரும் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

முதலில் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. திரையை 2 விநாடி பார்த்தால் 22 மீட்டர். ஏறக்குறைய இரண்டு மாநகரப் பேருந்துகளின் நீளத்துக்கு வண்டி தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், கார்களுக்குள் பொருத்தும் திரைகளுக்காக 2013இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டுநர் ஒரு முறை திரையைப் பார்ப்பது 2 விநாடிக்குள்ளும், ஒரு வேலையை முடிக்கப் பார்க்கும் மொத்த நேரம் 12 விநாடிக்குள்ளும் அடங்க வேண்டும் என்பது அதன் சாரம். அது நான்கு சக்கர வண்டிக்குச் சொன்னது. பள்ளமும் மணலும் நாயும் குறுக்கே வரும் சாலையில் இரண்டு சக்கர வண்டி ஓட்டுபவருக்கு 2 விநாடி என்பதே அதிகம். ஒரு விநாடிப் பார்வையில் புரியாத எதுவும் ஓடும் வண்டியின் திரையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

நம் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில், வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையாள்வது ஆபத்தான ஓட்டுதல் என்று 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் ஒரே ஒரு விலக்கு தருகிறது: வழி பார்க்க மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம். இப்போது டெலிவரி செயலிகளில் பரவலாக இருக்கும் நடைமுறையைப் பாருங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே புது ஆர்டர் பெட்டி மேப்பின் மேல் வந்து உட்காருகிறது. நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. விரலால் இழுத்தால்தான் ஆர்டர் கிடைக்கும். அந்த இழுப்பு வழி பார்ப்பது ஆகாது. அபராதம் கட்டப்போவது ஓட்டுபவர். ஆனால் அந்தத் தவறைச் செய்யச் சொல்வது திரை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, ஓட்டத்துக்கு ஒரு திரை, நிறுத்தத்துக்கு ஒரு திரை என்று செயலி இரண்டாகப் பிரிய வேண்டும். ஓட்டத் திரையில் மூன்றே விஷயங்கள் போதும்: திரும்ப வேண்டிய திசையைக் காட்டும் பெரிய அம்பு, இன்னும் எத்தனை மீட்டர், திரும்ப வேண்டிய தெருவின் பெயர். இன்றைய சம்பளம், ஊக்கத்தொகைக்கு இன்னும் எத்தனை ஆர்டர், வாடிக்கையாளர் தந்த நட்சத்திரம், விளம்பரப் பட்டை எதற்கும் அங்கே வேலை இல்லை. வேகத்தைக் கைபேசியின் ஜி.பி.எஸ். தெரிவித்துவிடுகிறது, தனிக் கருவி வேண்டாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. நின்றுகொண்டிருக்கும் வண்டிகூடச் சில சமயம் 3, 4 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதாக ஜி.பி.எஸ். காட்டும். ஒரே ஒரு எல்லை வேகத்தை வைத்துவிட்டால் நெரிசலில் ஊரும்போது திரை மாறி மாறித் துடிக்கும், அது இன்னும் மோசம். எனவே 10 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஓட்டத் திரை. 5க்குக் கீழே இறங்கி 4 விநாடி அப்படியே இருந்தால்தான் நிறுத்தத் திரை என்று இரண்டு எல்லைகள் வைக்க வேண்டும். புது ஆர்டர் வந்தால் ஓட்டத் திரையில் ஒரு மணியோசையும், "புது ஆர்டர், இரண்டு கிலோமீட்டர்" என்ற குரலும் மட்டும். விநாடிக் கணக்கு வண்டி நின்ற பிறகுதான் தொடங்க வேண்டும். வண்டி நிற்கும்வரை நிறுவனத்தின் சர்வர் காத்திருக்க முடியாதென்றால் ஆர்டரை இன்னொருவருக்குத் தரட்டும். ஆனால் அது இவர் மறுத்த கணக்கில் சேரக் கூடாது.

மேப்பைப் பற்றி ஒன்று. திருப்பத்துக்கு 50 மீட்டர் முன்னால் சொல்வது தெருவுக்குள் சரி. சென்னையின் கத்திப்பாரா மேம்பாலத்திலோ, பழைய மாமல்லபுரம் சாலையிலோ அது பயன்படாது. மேம்பாலத்தின் மேலே ஏறுவதா கீழே போவதா என்பது 300 மீட்டருக்கு முன்பே தெரிய வேண்டும். தவறவிட்டால் அடுத்த யு-திருப்பம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். பாலத்துக்கு மேலும் கீழும் ஒரே இடம் என்றுதான் ஜி.பி.எஸ். பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறது. அந்த இடங்களில் அம்புக்குப் பதிலாக "மேலே ஏறு", "கீழே போ" என்று பெரிய எழுத்தில் இரண்டு சொல் காட்டினால் போதும்.

அடுத்தது கை. திரையை வடிவமைப்பவர்கள் வலது கைக் கட்டைவிரலை மனதில் வைத்து முக்கிய பட்டன்களை வலது பக்கம் அடுக்குகிறார்கள். வண்டியில் இது தலைகீழ். ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில் இருக்கின்றன. சிக்னலில் நிற்கும்போது ஹோல்டரில் இருக்கும் கைபேசியைத் தொடுவது இடது கை. வலது மூலையில் உள்ள பட்டனை இடது கையால் தொட முயன்றால் உள்ளங்கை திரையையே மறைக்கிறது, கீழே உள்ள வேறு பட்டனில் பெருவிரல் அடியும் படுகிறது. படியேறும்போது நிலைமை வேறு. ஒரு கையில் பை, மறு கையில் கைபேசி. அப்போது கட்டைவிரல் எட்டுவது திரையின் கீழ்ப் பாதி மட்டுமே. ஆகவே முக்கிய பட்டன் கீழே, திரையின் முழு அகலத்துக்கும் நீண்டு இருப்பதே இரண்டு நிலைக்கும் பொருந்தும்.

முழு அகலம் என்று சொன்னாலும் ஓரத்தை ஒட்டக் கூடாது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஹோல்டர்களில் நான்கு மூலையையும் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் இருக்கின்றன. திரையின் மூலைகள் அவற்றுக்கு அடியில் போய்விடும். மழைக்காலத்தில் போடும் பிளாஸ்டிக் பவுச்சின் தையலும் மடிப்பும் ஓரத்தில்தான் வருகின்றன. எனவே நான்கு பக்கமும் சுமார் 8 மில்லிமீட்டர் விட்டுவிட்டு உள்ளேதான் பட்டன் வைக்க வேண்டும். உதவிக்கு அழைக்கும் அவசரப் பட்டனை மேல் மூலையில் சின்னதாக வைப்பது பல செயலிகளில் வழக்கமாகிவிட்டது. கீழே விழுந்து கிடப்பவர் கொக்கிக்கு அடியில் அதைத் தேட வேண்டுமா?

அளவு எவ்வளவு? ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டுதல், தொடும் பரப்பு குறைந்தது 48 டி.பி. (ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு) இருக்க வேண்டும் என்கிறது. கைபேசியில் அளந்தால் அது 7 முதல் 9 மில்லிமீட்டர் வரும். உட்கார்ந்து நிதானமாகத் தொடுபவருக்கு அது போதும். அதிரும் வண்டியில், வியர்த்த விரலுக்கு, கையுறை போட்டவருக்குப் போதாது. பட்டன் உயரம் 15 மில்லிமீட்டர், இரண்டு பட்டன்களுக்கு இடையே குறைந்தது 5 மில்லிமீட்டர் என்று வைத்தால்தான் தவறான தொடுகை குறையும். எழுத்துக்கும் இதே கதைதான். கையில் பிடித்தால் கைபேசி கண்ணிலிருந்து 35 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஹேண்டில்பாரில் மாட்டினால் 65 சென்டிமீட்டருக்குப் போய்விடுகிறது. ஒரே பார்வையில் படிக்க, எழுத்தின் உயரம் கண்ணில் 20 கோண நிமிடம் (ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு) விழ வேண்டும் என்று கொண்டால், கையில் 2 மில்லிமீட்டர் போதும், ஹேண்டில்பாரில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் வேண்டும். இது ஆங்கில எழுத்துக்குப் போடும் கணக்கு. ண, ஞ, ஐ போலச் சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்து சிறிதானால் உள்வட்டம் அடைத்துக்கொள்ளும்; தடித்த எழுத்தாக்கினால் இன்னும் அடைக்கும். தமிழுக்கு 5 மில்லிமீட்டர், நடுத்தரத் தடிமன், வரிக்கு வரி எழுத்தளவில் ஒன்றரை மடங்கு இடைவெளி என்பது எங்கள் பரிந்துரை. இல்லாவிட்டால் மேல் வரியின் கூ, மூ போன்றவற்றின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் கி, கீ போன்றவற்றின் மேல்வளைவும் மோதிக்கொள்கின்றன.

தமிழில் இன்னொரு சிக்கல், ஆபத்தான சிக்கல். ஆங்கிலத்துக்காக அளந்து வைத்த பட்டனில் தமிழ் வாசகம் கொள்ளாதபோது செயலி அதன் வாலை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடுகிறது. தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. "டெலிவரி செய்யப்பட்டது" என்பதையும் "டெலிவரி செய்ய முடியவில்லை" என்பதையும் வெட்டினால் இரண்டுமே "டெலிவரி செய்ய..." ஆகிவிடும். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒரே நிறத்தில். அவசரத்தில் தவறானதைத் தொட்டால் பொருள் கொடுத்த பிறகும் கொடுக்கவில்லை என்று பதிவாகும். அதைச் சரிசெய்ய உதவி மையத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், அடுத்த ஆர்டர் அதுவரை நிற்கும். தீர்வு எளிது. பட்டனில் உள்ள எழுத்தை ஒருபோதும் வெட்டக் கூடாது, கொள்ளாவிட்டால் இரண்டாம் வரிக்கு இறங்கட்டும். வாசகம் சாலையில் பேசுவது போலச் சின்னதாக இருக்கட்டும்: "கொடுத்தாச்சு", "ஆள் இல்லை". இரண்டும் அடுத்தடுத்து இருக்கவே கூடாது. "கொடுத்தாச்சு" கீழே முழு அகலத்தில். "ஆள் இல்லை" மேலே, வேறு வடிவத்தில். நிறத்தால் மட்டும் வேறுபடுத்தினால் சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். "நிச்சயமா?" என்று மறுபடி கேட்கும் பெட்டியால் பலன் குறைவு, பத்து ஆர்டருக்குள் கண் பார்க்காமலே விரல் "ஆம்" தொடப் பழகிவிடும். அதைவிட, தொட்ட பிறகு 8 விநாடிக்கு "திரும்பப் பெறு" என்ற பட்டனைக் காட்டுவது மேல்.

இழுக்கும் பட்டன் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். சட்டைப் பையில் தானாகத் தொடுபட்டுவிடக் கூடாது என்றுதான் இடமிருந்து வலமாக இழுக்கும் பட்டனைக் கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், திரையின் ஓரத்திலிருந்து உள்பக்கம் விரலை இழுத்தால் "பின்னே போ" என்று பொருள். இழுக்கும் பட்டன் இடது ஓரத்திலேயே தொடங்கினால், ஆர்டரை ஏற்க நினைத்து இழுத்தவர் முந்தைய திரைக்குப் போய்விடுகிறார். ஓரத்தின் ஒரு பகுதியை இந்தச் சைகையிலிருந்து விலக்கிவைக்க ஆண்ட்ராய்டே வழி தந்திருக்கிறது, ஒரு பக்கத்துக்கு 200 டி.பி. உயரம் வரை. நிரலில் சில வரிகள்தான். செய்யாமல் விட்டிருப்பது அலட்சியம். மழையில் இழுப்பது மேலும் கடினம். திரை விரலின் மின்னேற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. நீர்த்துளியையும் விரல் என்று நினைக்கும், தண்ணீர்ப் படலத்தில் விரல் நகரும்போது பாதி வழியில் தொடர்பை விட்டுவிடும். இழுத்தது மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் நின்று பழைய இடத்துக்கே திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் டெலிவரி செய்பவருக்கு இது அன்றாடம். மாற்று வழி ஒன்று இருக்கிறது: செயலி திறந்திருக்கும்போது ஒலி கூட்டும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் "ஏற்கிறேன்" என்று எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். கைபேசியின் உடம்பில் உள்ள பட்டனுக்கு ஈரம் தெரியாது. கிடங்குகளில் பயன்படும் ஸ்கேனர் கருவிகள் பலவற்றின் பக்கவாட்டிலும் ஸ்கேன் செய்யத் தனி விசை இருக்கிறது.

வெயிலுக்கு வருவோம். கைபேசிக் கண்ணாடி தன்மேல் படும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. உச்சி வெயிலில் அந்த 4 விழுக்காடே பெரிய வெளிச்சம்; கறுப்பு கறுப்பாகத் தெரியாது, சாம்பல் எழுத்து காணாமலே போய்விடும். மேலே பிளாஸ்டிக் பவுச் இருந்தால் இன்னும் இரண்டு பரப்புகள் ஒளியைத் திருப்புகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் தரநிலை. வெயிலில் பார்க்கும் திரைக்கு 7க்கு 1 என்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி, கருத்த எழுத்து, இதுவே பகலுக்கு ஏற்றது. கறுப்புப் பின்னணி பார்க்க நவீனமாக இருக்கலாம்; பகலில் அது ஓட்டுபவரின் முகத்தையும் வானத்தையும்தான் காட்டும். இருட்டிய பிறகு நேர்மாறு: வெள்ளைத் திரை கண்ணைக் கூசவைத்து, அதன்பின் சாலைப் பள்ளம் தெரியாமல் செய்கிறது. மாற்றத்தைக் கைபேசியின் ஒளி உணரியிடம் மட்டும் விட்டுவிட முடியாது. பவுச்சின் விளிம்பு அந்த உணரியை மறைத்தால் நண்பகலிலும் திரை மங்கிவிடும். சூரியன் மறையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கைபேசி சூடானால் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டே மேப் ஓடினால் இது நடந்தே தீரும். அப்போதும் படிக்க முடிகிற அளவுக்கு அம்பும் எண்ணும் தடிமனாக இருக்க வேண்டும்.

முகவரி வரிசையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புது எண், பழைய எண், குறுக்குத் தெரு, பிளாக், மாடி என்று நீளும். செயலி இரண்டு வரி காட்டி மீதியை மறைக்கிறது. மறைவது எது? மாடியும் அடையாளமும். காட்டுவது எது? பெரும்பாலும் பகுதி, நகரம், பின்கோடு. வாசலுக்கு வந்தவருக்குச் சென்னை என்று சொல்லி என்ன பயன்? முகவரியை ஒரே நீளப் பெட்டியில் எழுதவிடாமல் வாடிக்கையாளரிடம் தனித்தனிக் கட்டமாகக் கேட்டு வாங்கிக்கொண்டால், ஓட்டுபவரின் திரையில் இடத்துக்கேற்ப வேறு வரிசையில் காட்ட முடியும். பயணத்தில் இருக்கும்போது பகுதியும் தெருவும். 100 மீட்டர் நெருங்கியதும் கதவு எண் பெரிதாக, பழைய எண், புது எண் இரண்டும் எது எது என்ற குறிப்போடு. வண்டி நின்றதும் பிளாக், மாடி, வீட்டு எண், லிஃப்ட் உண்டா என்ற தகவல். அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டியிடம் காட்டவென்று ஒரு தனித் திரை தேவை. பிளாக்கும் வீட்டு எண்ணும் வாடிக்கையாளர் பெயரும் மட்டும், ஒரு கை தூரத்திலிருந்து படிக்கும் அளவில். இப்போது கைபேசியையே செக்யூரிட்டியின் கையில் கொடுத்து, அவர் விரல் பட்டு வேறு எதுவோ திறந்து, மறுபடி தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

கடையில் எடுக்கும்போது தேவைப்படுவது ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். கவுண்டரில் கேட்பதும் அதைத்தான். பதினைந்து இலக்கத்தையும் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் காட்டிவிட்டுக் கடையின் படத்தைப் பெரிதாகப் போடுவது இடத்தை வீணாக்குவது. அதற்குக் கீழே பைகளின் எண்ணிக்கை: "மொத்தம் 2 பை, 1 குளிர்பானம் தனி". தனியாகக் கட்டப்படும் குளிர்பானமும் சட்னியும்தான் கடையிலேயே விட்டுப் போகிற பொருட்கள். பட்டியலின் கடைசியில் போட்டால் அவற்றை யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு ஆர்டர் ஒன்றாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்தில் 1, 2 என்று எண் கொடுத்து, கடை கட்டும் பையிலும் அதே எண்ணைப் பேனாவால் எழுதச் சொல்ல வேண்டும். வாசலில் நிற்கும்போது ஒரு ஆர்டரின் விவரம் மட்டும்தான் திரையில் இருக்க வேண்டும். இரண்டின் முகவரியும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருப்பதே பை மாறிப் போவதற்குக் காரணம்.

வாசலில் ஓ.டி.பி. வாங்கும் திரையில் இன்னும் தொடரும் பழைய குறை ஒன்று. எண்ணைத் தட்டக் கட்டத்தைத் தொட்டதும் விசைப்பலகை எழும்பி "சமர்ப்பி" பட்டனை மூடிவிடும். விசைப்பலகையை இறக்கி, பட்டனைத் தேடித் தொட வேண்டும், ஒரு கையால். அந்தப் பட்டனே தேவையில்லை. நான்காவது இலக்கம் விழுந்ததும் செயலி தானாகச் சரிபார்க்கலாம். திரை திறக்கும்போதே எண் பலகை மட்டும் பெரிய விசைகளோடு விரிந்திருக்க வேண்டும். கேஷ் ஆர்டர் என்றால் தொகை திரையில் மிகப் பெரிதாக, அதற்குக் கீழே சில்லறைக் கணக்கு: தொகை 363 என்றால், "500 தந்தால் 137 திருப்பு". யு.பி.ஐ. குறியீட்டைக் காட்டும் திரையில் வெளிச்சம் தானாக முழு அளவுக்கு ஏற வேண்டும், பின்னணி இரவிலும் வெள்ளையாகவே இருக்க வேண்டும், சுற்றிலும் நான்கு கட்ட அளவுக்கு வெள்ளை ஓரம் விட வேண்டும். அந்த ஓரத்தை நிறுவனத்தின் முத்திரையால் நிரப்பினால் வாடிக்கையாளரின் கைபேசி குறியீட்டைப் பிடிக்கத் திணறும்.

லிஃப்டிலும் அடித்தள வாகன நிறுத்தத்திலும் நெட்வொர்க் கிடைக்காது. அங்கே "கொடுத்தாச்சு" தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதிவானதா இல்லையா தெரியாமல் மறுபடி மறுபடி தொட வேண்டியிருக்கிறது. கைபேசியிலேயே நேரத்தோடு பதிந்துகொண்டு, "பதிவாயிற்று, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும்" என்று திரை சொல்லிவிட வேண்டும். தாமதக் கணக்கும் அந்தப் பதிந்த நேரத்தை வைத்தே பார்க்கப்பட வேண்டும்.

பார்சல் கொண்டு செல்வோர், தபால்காரர்கள் ஆகியோரின் திரைக்கும் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்குக் கூடுதலாக இரண்டு: ஸ்கேன் திரையில் டார்ச் பட்டன் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் மாடிப்படிகள் இருட்டு. பட்டியல் வரிசை பையில் அடுக்கிய வரிசையோடு ஒத்துப்போக வேண்டும்.

நிறுவனங்கள் மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சிலவற்றை ஓட்டுபவர்களே இன்று செய்துகொள்ளலாம். அமைப்புகளில் சைகை வழிச்செலுத்தலை நிறுத்திவிட்டு மூன்று பட்டன் முறைக்கு மாறினால் இழுக்கும் பட்டன் "பின்னே" போகும் தொல்லை உடனே தீரும். தொடு உணர்திறன் அல்லது கையுறை முறை என்று ஒரு தேர்வு பல கைபேசிகளில் உண்டு. பவுச் போடும்போது அதை இயக்கிக்கொள்ள வேண்டும். தானியங்கி வெளிச்சத்தைப் பகலில் நிறுத்திவைக்கலாம். கைபேசி சூடாகாமல் இருக்க ஹோல்டரில் கறுப்பு ரப்பர் உறையோடு மாட்டுவதைத் தவிர்க்கலாம். எழுத்தளவைப் பெரிதாக்கலாம்தான், ஆனால் பல செயலிகளில் அப்படிச் செய்தால் கீழ்ப் பட்டன் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அந்தக் குறையை நிறுவனம்தான் தீர்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023இல் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென (செயலி வழியே வேலை பெறுவோருக்கென) நல வாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி குளிர்சாதன ஓய்வறைகளும் கட்டியது. இந்த அக்கறையைத் திரைக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே வாரியத்துக்கு எங்கள் வேண்டுகோள். தொழிலாளர் துறையும் போக்குவரத்துத் துறையும் நிறுவனங்களும் ஓட்டுபவர்களின் சங்கங்களும் சேர்ந்து, ஓட்டத் திரையில் எது இருக்கலாம், பட்டன், எழுத்து ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவு என்ன, ஓடும்போது ஆர்டர் பெட்டி வரலாமா என்ற நான்கைந்து விஷயங்களுக்கு ஒரு பக்கத் தரநிலை எழுதினால் போதும். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன்னால் செயலியைச் சோதித்துச் சான்று பெறச் செய்யலாம்.

சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. விலை குறைந்த, 720 புள்ளித் திரை கொண்ட கைபேசி ஒன்று, கொக்கி ஹோல்டர், பவுச், தண்ணீர் தெளிக்கும் புட்டி, நண்பகல் வெயில், நிறுத்திவைத்த ஸ்கூட்டர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் வயதானவர்களும் கலந்த பத்து ஓட்டுபவர்கள். ஓட்டத் திரையை ஒரு விநாடி காட்டி அட்டையால் மறைத்து, எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று கேட்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் சரியாகச் சொல்லாவிட்டால் அந்தத் திரை தேறவில்லை. பிறகு திரையில் தண்ணீர் தெளித்து, இடது கையால் "கொடுத்தாச்சு" தொடச் சொல்லி, முதல் முயற்சியிலேயே பதிகிறதா என்று எண்ண வேண்டும். கைபேசியின் எழுத்தளவை அதிகபட்சமாக்கி எல்லாத் திரையையும் தமிழில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, எங்கெல்லாம் மூன்று புள்ளி வருகிறது என்று குறிக்க வேண்டும். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. வாரியம் ஏற்பாடு செய்தால் சோதனைப் படிவத்தைத் தயாரித்துத் தரவும், நேரில் வந்து நடத்திக்கொடுக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்; கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கைபேசிச் செயலி வடிவமைப்பாளர்கள் இருவர்,
சென்னை